ஆளை எண்ணுவதா, வாளியை எண்ணுவதா?

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில் என் பெரியம்மா மரம் வெட்டிக்கொண்டிருந்த காலம். பள்ளி விடுமுறை நாள்களில் நானும் அவரோடு பால் ஸ்டோர் வரை போவேன். பத்து, பதினோரு மணிவாக்கில் தீம்பாரிலிருந்து ஒவ்வொருவராக வந்து சேருவார்கள். தோளில் காண்டா கம்பு, அதன் இரண்டு முனையிலும் பால் வாளி. வாளியைத் தரையில் இறக்கியதும் பேச்சு நின்றுவிடும். எல்லாரின் கண்ணும் கிராணியின் கையிலேயே இருக்கும்.

கிராணி முதலில் பாலை நிறுப்பார். அத்தோடு கதை முடியாது. ஒரு குவளைப் பாலை எடுத்து, அளவாகத் தண்ணீர் சேர்த்து, உயரமான ஏனத்தில் ஊற்றி, அதற்குள் தண்டு நீண்ட கருவி ஒன்றை மெதுவாக மிதக்க விடுவார். மெட்ரோலாக் என்பது அதன் பெயர். பெரியம்மாவுக்கு அது வெறும் 'குச்சி'. தண்டில் உள்ள கோடுகளில் பால்மட்டம் எந்த எண்ணைத் தொடுகிறதோ அதைக் கிராணி ஏட்டில் குறித்துக்கொள்வார். சம்பளம் அந்த எண்ணில்தான் இருந்தது.

காரணம் எளிது. மரத்திலிருந்து இறங்கும் பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர். மற்றதில் பெரும்பகுதி தண்ணீர். 20 கிலோ பாலில் நூற்றுக்கு 30 பங்கு ரப்பர் இருந்தால் 6 கிலோ. நூற்றுக்கு 25 என்றால் 5 கிலோ. வாளியைத் தூக்கி வந்த தோளுக்கு இரண்டும் ஒரே பாரம். ஏட்டிலோ ஒரு கிலோ குறைந்துவிடும். மழை நாளில் மங்கில் தண்ணீர் இறங்கிவிட்டால் பெரியம்மா முகம் ஏன் அப்படி வாடியது என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது.

இதில் ஒரு விநோதம் உண்டு. மாட்டுப்பால் கெட்டியாக இருந்தால் அதைச் சோதிக்கும் மிதவைக் கருவி உயர்ந்து நிற்கும். ரப்பர்பாலில் நேர் எதிர். ரப்பர் தண்ணீரைவிட இலேசானது. ஆகவே ரப்பர் அதிகமுள்ள பாலில் மெட்ரோலாக் ஆழமாக இறங்கும். தண்ணீர் கலந்த பாலில் மேலே எழும். 'குச்சி முங்கினால் நல்லது' என்று தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும். ஏன் என்று யாரும் சொல்லித் தந்ததில்லை.

படிவம் 4 வேதியியலில் 'செறிவு' என்ற சொல்லைப் பார்க்கும் மாணவர்கள் அது ஏதோ ஆய்வுக்கூடத்துச் சமாசாரம் என்று நினைக்கிறார்கள். நம் தாத்தா பாட்டிகளின் கூலி செறிவை வைத்துத்தான் கணக்கிடப்பட்டது. மெட்ரோலாக் கேட்டது செறிவைப் பற்றிய முதல் கேள்வியை: ஒரு குறிப்பிட்ட அளவில் எவ்வளவு பொருள் இருக்கிறது?

அதே ஸ்டோரின் பின்பக்கம் இரண்டாவது கேள்வி ஒன்று இருந்தது. அங்கே பால் தொட்டிகள். பாலை உறைய வைக்க ஃபார்மிக் அமிலம் ஊற்றுவார்கள். அமிலம் குறைந்தால் பால் சரியாகக் கட்டாது. கூடினால் ஷீட்டு கெட்டுப் போகும், காசும் வீண். அங்கே வேலை பார்த்தவருக்கு அமிலப் போத்தலில் எத்தனை கிராம் இருக்கிறது என்பது முக்கியமில்லை. அது எவ்வளவு வேலை செய்யும் என்பதுதான் தேவை.

வேதியியலில் இந்த இரண்டாவது கேள்விக்கான விடைக்கு நார்மாலிட்டி என்று பெயர். நம் எஸ்பிஎம் பாடத்திட்டத்தில் அது இல்லை. ஆனாலும் பேராக்கில் வேதியியல் படிக்கும் ஒரு மாணவர் அதை என்றாவது ஒரு நாள் சந்திப்பார். ரப்பர்பால் ஆய்வுக்கூடத்திலோ, மருந்தியல் கல்லூரியிலோ, தமிழ்நாட்டுப் பாடநூலிலோ, அலமாரிக்கடியில் கிடக்கும் ஒரு பழைய போத்தலின் லேபிளிலோ அது காத்திருக்கிறது. தெரியாமல் போய் மாட்டிக்கொள்வதைவிட இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

மீண்டும் காண்டா கம்புக்கு வருவோம். ஸ்டோருக்குப் பத்துப் பேர் வருகிறார்கள் என்று வையுங்கள். ஒவ்வொருவரும் கையில் ஒரே ஒரு வாளியோடு வந்தால் மொத்தம் 10 வாளி. எல்லாரும் காண்டா போட்டு வந்தால் 20 வாளி. ஆள் கணக்கு இரண்டிலும் 10தான். தொட்டியை நிரப்பப் போவது வாளியா, ஆளா?

மோலாரிட்டி என்பது ஆள் கணக்கு. ஒரு லிட்டர் கரைசலில் எத்தனை மோல் பொருள் இருக்கிறது என்று மட்டும் அது சொல்லும். நார்மாலிட்டி என்பது வாளிக் கணக்கு. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் ஒரு மூலக்கூறு ஒரு ஹைட்ரஜன் அயனியைத்தான் தரும். அது ஒற்றை வாளிக்காரர். கந்தக அமிலத்தின் ஒரு மூலக்கூறு இரண்டைத் தரும். அது காண்டா போட்டு வருபவர். காரத்தின் பக்கமும் இதே கதை. சோடியம் ஹைட்ராக்சைடுக்கு ஒரு வாளி, பேரியம் ஹைட்ராக்சைடுக்கு இரண்டு.

(காரம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் இது. மலாயில் 'காராம்' என்றால் உப்பு. தமிழில் காரம் என்றால் அமிலத்துக்கு எதிரானது. அமிலமும் காரமும் சேர்ந்தால் காராம் வரும் என்று ஒரு தடவை சிரித்து வைத்துக்கொண்டால் பிறகு மறக்காது.)

ஒரு வாளி அளவு வேலை செய்ய எத்தனை கிராம் வேண்டும் என்பதே சமான எடை. மோல் எடையை வாளி எண்ணிக்கையால் வகுத்தால் அது கிடைத்துவிடும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் மோல் எடை 36.5, வாளி ஒன்று, சமான எடையும் 36.5. கந்தக அமிலத்துக்கு 98, வாளி இரண்டு, சமான எடை 49. சோடியம் ஹைட்ராக்சைடுக்கு 40. ஃபார்மிக் அமிலத்துக்கு 46. ஒரு லிட்டர் கரைசலில் ஒரு சமான எடை கரைந்திருந்தால் அது 1 நார்மல். பத்தில் ஒரு பங்கு இருந்தால் 0.1 நார்மல். ஆகவே நார்மாலிட்டி வேண்டுமானால் மோலாரிட்டியை வாளி எண்ணிக்கையால் பெருக்குங்கள். கந்தக அமிலம் 0.05 மோலார் என்றால் 0.1 நார்மல். ஹைட்ரோகுளோரிக் அமிலம் 0.1 மோலார் என்றால் 0.1 நார்மலேதான்.

இதனால் என்ன லாபம்? 0.1 நார்மல் அமிலம் எதுவானாலும், அதன் 25 மில்லி லிட்டர், 0.1 நார்மல் காரம் எதுவானாலும், அதன் 25 மில்லி லிட்டரைச் சரியாக நடுநிலையாக்கும். எந்த அமிலம், எந்தக் காரம் என்று கேட்க வேண்டியதில்லை. சமன்பாடு எழுதிச் சமப்படுத்த வேண்டியதில்லை. அமிலத்தின் நார்மாலிட்டியை அதன் கன அளவால் பெருக்கினால் வருவதும், காரத்தின் நார்மாலிட்டியை அதன் கன அளவால் பெருக்கினால் வருவதும் சமம். அவ்வளவுதான் சூத்திரம்.

எஸ்பிஎம் மாணவர்கள் இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். உங்கள் பாடத்தில் வரும் சூத்திரம் நினைவிருக்கிறதா? மேலே அமிலத்தின் மோலாரிட்டி பெருக்கல் கன அளவு. கீழே காரத்தின் மோலாரிட்டி பெருக்கல் கன அளவு. அது சமன்பாட்டிலுள்ள 'ஏ'யின் கீழ் 'பி'க்குச் சமம். கந்தக அமிலத்தையும் சோடியம் ஹைட்ராக்சைடையும் அதில் போடுங்கள். ஏ 1, பி 2. குறுக்கே பெருக்கினால், அமிலத்தின் பக்கம் 2 போய் உட்காரும். இரண்டு தடவை மோலாரிட்டி என்றால் என்ன? கந்தக அமிலத்தின் நார்மாலிட்டி! ஆக, பாடத்திட்டம் நார்மாலிட்டியை வாசல் வழியே அனுப்பிவிட்டு, ஏ, பி என்ற இரண்டு எழுத்தின் உருவில் பின்கதவைத் திறந்து வைத்திருக்கிறது. அந்த ஏயும் பியும் எங்கிருந்து வருகின்றன என்று தெரியாமல் மனப்பாடம் செய்யும் பிள்ளைகள்தான் தேர்வில் அவற்றைத் தலைகீழாகப் போட்டுவிட்டு வருகிறார்கள். நான் திருத்திய பயிற்சித் தாள்களில் மிக அதிகமாகச் சிவப்பு மை பட்ட இடம் இதுதான்.

'நார்மல்' என்ற பெயர் பலரைக் குழப்புகிறது. அப்படியானால் மற்ற கரைசல்களுக்கு என்ன கோளாறு என்று ஒரு மாணவி என்னிடம் கேட்டாள். நல்ல கேள்வி. லத்தீனில் 'நோர்மா' என்றால் தச்சர் கையிலிருக்கும் மூலைமட்டம். எதையும் அதில் வைத்துச் சரிபார்க்கலாம். அந்தப் பொருளில்தான் கரைசலுக்கும் அந்தப் பெயர். மற்றவற்றை வைத்து அளக்க உதவும் அளவுகோல் கரைசல் என்று அர்த்தம். ஜெர்மனியின் கோப்லென்ஸ் நகரத்து மருந்துக்கடைக்காரர் கார்ல் ஃபிரெடரிக் மோர் 1855இல் வெளியிட்ட தரம் பார்த்தல் பற்றிய பாடநூல்தான் நார்மல் கரைசல்களை ஆய்வுக்கூடங்களில் பரவலாக்கியது. மருந்துக்கடையில் ஒரு நாளைக்கு எத்தனையோ சரக்கின் தூய்மையைச் சோதிக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் உட்கார்ந்து கணக்குப் போட நேரம் ஏது? முன்கூட்டியே கணக்கைக் கரைசலுக்குள் கரைத்து வைத்துவிட்டால், பியூரெட்டில் வாசித்த எண்ணே ஏறக்குறைய விடையாகிவிடும்.

மோர் இன்னொன்றும் செய்தார். கண்ணாடித் திருகு வைத்த பியூரெட் அப்போது விலை அதிகம். காரம் பட்டால் திருகு இறுகியும் போகும். அவர் பியூரெட்டின் அடியில் ஒரு சிறு ரப்பர் குழாயை மாட்டி, அதைக் கம்பி இடுக்கியால் கவ்விப் பிடித்தார். இடுக்கியை அழுத்தினால் சொட்டும், விட்டால் நிற்கும். அந்த ரப்பர் நம் நாட்டு ரப்பர் அல்ல. அப்போது ரப்பர் தென் அமெரிக்கக் காட்டு மரங்களிலிருந்து வந்துகொண்டிருந்தது. பிரேசிலிலிருந்து 1876இல் லண்டன் கியூ தோட்டத்துக்குப் போன விதைகளின் கன்றுகள் 1877இல் கிழக்கே வந்தன. அவற்றில் சில கோலகங்சாரில் நடப்பட்டன. அந்தத் தொடக்க கால நடவின் மரம் ஒன்று இன்றும் கோலகங்சாரில் வேலி கட்டிப் பாதுகாக்கப்படுகிறது. ஈப்போவிலிருந்து பள்ளிச் சுற்றுலா போகிறவர்கள் அரண்மனையையும் பள்ளிவாசலையும் பார்த்துவிட்டு அதைப் பார்க்காமல் திரும்பிவிடுகிறார்கள்.

இனி உண்மையான வேலைக்கு வருவோம். இன்று தோட்டங்களில் பெரும்பாலானவை செம்பனைக்கு மாறிவிட்டன. பழைய ஸ்டோர்கள் தகரம் துருப்பிடித்து நிற்கின்றன. ஆனால் ரப்பர்பால் வேதியியல் போய்விடவில்லை. கையுறை செய்யும் தொழிற்சாலைகளுக்கு வரும் பால், மையவிலக்கு இயந்திரத்தில் சுழற்றி நூற்றுக்கு 60 பங்கு ரப்பராக அடர்த்தியாக்கப்பட்டது. அது வழியில் உறைந்து போகாமல் இருக்க அம்மோனியா சேர்ப்பார்கள். அதிக அம்மோனியா வகைப் பாலில் நூற்றுக்கு 0.6 பங்குக்குக் குறையாமல் இருக்க வேண்டும். இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? தரம் பார்க்க வேண்டும்.

முறை இதுதான். 5 கிராம் பாலை எடுத்து, உறையாமல் இருக்க நிலைப்படுத்தி சேர்த்த நிறையத் தண்ணீரில் கலக்கி, மெத்தில் சிவப்பு நிறங்காட்டி விட்டு, 0.1 நார்மல் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். பால் மஞ்சளிலிருந்து இளஞ்சிவப்புக்குத் திரும்பியதும் நிறுத்த வேண்டும். அம்மோனியாவின் சமான எடை 17. அப்படியானால் 0.1 நார்மல் அமிலத்தின் ஒவ்வொரு மில்லி லிட்டரும் 1.7 மில்லி கிராம் அம்மோனியாவுக்கு ஈடு. 20 மில்லி லிட்டர் செலவானால் 34 மில்லி கிராம். 5 கிராம் பாலில் 34 மில்லி கிராம் என்றால் நூற்றுக்கு 0.68 பங்கு. பால் தேறிவிட்டது.

இப்போது, புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஓர் உதவியாளரைக் கற்பனை செய்யுங்கள். நன்றாகப் படித்தவர்; மோலாரிட்டி அத்துப்படி. அமிலம் தீர்ந்துவிட்டது. பழைய செயல்முறைத் தாளில் 'கந்தக அமிலம் 0.1' என்று போட்டு, பக்கத்தில் ஓர் எழுத்து அழிந்தும் அழியாமலும் இருக்கிறது. அது நார்மலின் 'என்'. அவர் அதை மோலாரின் 'எம்' என்று எடுத்துக்கொள்கிறார். லிட்டருக்கு 4.9 கிராம் போட வேண்டிய இடத்தில் 9.8 கிராம் போட்டுக் கரைசல் தயாரிக்கிறார். கைசுத்தமான, கச்சிதமான வேலை. ஆனால் ஆள் கணக்கில் செய்தது.

இந்த அமிலம் இரட்டைப் பலம் கொண்டது. அதே பாலுக்கு 10 மில்லி லிட்டரிலேயே நிறம் மாறிவிடும். ஏட்டுக் கணக்கு மாறவில்லை, 10ஐ 1.7ஆல் பெருக்கி, 17 மில்லி கிராம், நூற்றுக்கு 0.34 பங்கு என்று எழுதுவார்கள். அம்மோனியா பாதிதான் இருக்கிறது, பால் கெட்டுப்போகும் என்று பதறி, குறைவதாகத் தெரியும் 0.26 பங்கைச் சேர்ப்பார்கள். 1,000 கிலோ பாலுக்கு 2.6 கிலோ அம்மோனியா. உண்மையில் தேவையே இல்லாத 2.6 கிலோ. காசு ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தத் தொட்டியின் மூடியைத் திறந்து குனிகிறவரின் கண்ணும் மூக்கும் என்ன பாடுபடும் என்பது அம்மோனியா வாடை தெரிந்தவர்களுக்குத் தெரியும். போத்தலில் ஓர் எழுத்துத்தான் வித்தியாசம்.

இதே துறையில் இன்னொரு சோதனை உண்டு. ஒட்டுப்பால் மூட்டையின் பக்கத்தில் போனாலே ஒரு புளித்த நாற்றம் அடிக்கும் இல்லையா? தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அதை விவரிக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு விவரித்தும் பயனில்லை. பாலிலுள்ள சர்க்கரைப் பொருள்களை நுண்ணுயிர்கள் தின்று அசிட்டிக் அமிலம், ஃபார்மிக் அமிலம் போன்ற ஆவியாகும் அமிலங்களாக மாற்றுவது அந்த வாடைக்கு ஒரு முக்கியக் காரணம். பால் எவ்வளவு பழசாகிவிட்டது, எவ்வளவு கவனமின்றி வைக்கப்பட்டது என்பதற்கு அந்த அமிலங்களே சாட்சி. ஆய்வுக்கூடத்தில் அவற்றை நீராவியோடு வடித்தெடுத்து, பேரியம் ஹைட்ராக்சைடால் தரம் பார்ப்பார்கள். பழைய ஏடுகளில் அந்தக் கரைசல் 0.01 நார்மல். இன்றைய ஐஎஸ்ஓ தரநெறியில் அதே கரைசல் லிட்டருக்கு 0.005 மோல். இரண்டு எண்களும் ஒரே போத்தலைத்தான் குறிக்கின்றன என்பது இந்நேரம் உங்களுக்கு விளங்கியிருக்கும்: பேரியம் ஹைட்ராக்சைடு காண்டா போட்டவர்.

ஸ்டோர் தொட்டிக்கு ஊற்றிய ஃபார்மிக் அமிலத்தைப் பற்றி ஒரு சந்தேகம் எழலாம். அது வலுக்குறைந்த அமிலம் ஆயிற்றே, அதன் நார்மாலிட்டியும் குறையுமா? குறையாது. 0.1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பிஎச் அளவு 1. 0.1 நார்மல் ஃபார்மிக் அமிலத்துக்கு ஏறக்குறைய 2.4. ஆனால் இரண்டும் ஒரே அளவு காரத்தைத்தான் நடுநிலையாக்கும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் வாளியை உடனே கவிழ்த்துவிடும். ஃபார்மிக் அமிலம் வாளியைக் கையில் பிடித்துக்கொண்டு, கேட்கக் கேட்க ஊற்றும். மொத்தப் பால் ஒன்றுதான். பிஎச் சொல்வது இந்தக் கணத்தில் எவ்வளவு ஊற்றியிருக்கிறது என்பதை. நார்மாலிட்டி சொல்வது வாளியில் மொத்தம் எவ்வளவு என்பதை. இந்த வித்தியாசம் தெரியாமல் பல்கலைக்கழகம் வரை போனவர்களை எனக்குத் தெரியும்.

ஃபார்மிக் அமிலம் 46 கிராமும் கந்தக அமிலம் 49 கிராமும் ஒரே அளவு வேலை செய்யும். எடைக்கு எடை போட்டால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. அதனால்தான் விலை மலிவென்று சில சிறுதோட்டக்காரர்கள் கந்தக அமிலத்துக்குத் தாவினார்கள். பால் கட்டத்தான் செய்தது. ஆனால் ஷீட்டில் தங்கிவிடும் கந்தக அமிலம் எளிதில் போகாது. ரப்பரின் தரத்தைக் கெடுக்கும், உருளை இயந்திரத்தை அரிக்கும், கையைச் சுடும். சமான எடை வாளிக்குள் எவ்வளவு என்று சொல்லும். வாளிக்குள் என்ன என்று சொல்லாது. ரப்பர் துறை அதிகாரிகள் ஃபார்மிக் அமிலத்தையே வற்புறுத்தி வருவது அதற்காகத்தான்.

இவ்வளவு வசதியான ஒன்றை ஏன் பாடத்திட்டத்திலிருந்து எடுத்தார்கள்? மோல் 1971இல் அனைத்துலக அலகு முறையின் அடிப்படை அலகுகளில் ஒன்றாக ஏற்கப்பட்டது. அதன் பிறகு வேதியியலாளர்களின் உலக அமைப்பான ஐயூபேக் நார்மாலிட்டியைக் கைவிடச் சொல்லியது. அவர்கள் பக்கத்தில் நியாயம் இருக்கிறது. அந்த நியாயத்தைப் பாஸ்பாரிக் அமிலத்தில் பார்க்கலாம்.

பாஸ்பாரிக் அமிலத்திடம் மூன்று ஹைட்ரஜன் உண்டு. ஆனால் மூன்றையும் அது ஒரே மாதிரி விட்டுக்கொடுக்காது. 0.1 மோலார் பாஸ்பாரிக் அமிலத்தை மெத்தில் ஆரஞ்சு நிறங்காட்டி வைத்துத் தரம் பார்த்தால் முதல் ஹைட்ரஜன் போனதும் நிறம் மாறிவிடும், அது 0.1 நார்மல். ஃபினால்ஃப்தலீன் வைத்துப் பார்த்தால் இரண்டாவதும் போன பிறகுதான் நிறம் வரும். இப்போது அதே போத்தல் 0.2 நார்மல். பொட்டாசியம் பெர்மாங்கனேட் இன்னும் மோசம். அமில ஊடகத்தில் அது ஐந்து எலக்ட்ரான்களை ஏற்கும், நடுநிலை ஊடகத்தில் மூன்று. 0.1 மோலார் கரைசல் ஒன்று, காலையில் 0.5 நார்மலாகவும் மாலையில் 0.3 நார்மலாகவும் இருக்க முடியும். செய்யும் வேலையைப் பொறுத்து லேபிள் மாறும் என்றால், போத்தலில் எதை ஒட்டுவது? ஆள் எண்ணிக்கை எங்கே போனாலும் மாறாது. வாளி எண்ணிக்கை, அன்றைக்கு எத்தனை வாளி தூக்கச் சொன்னார்கள் என்பதைப் பொறுத்தது.

என் கருத்து என்னவென்றால், லேபிளில் மோலாரிட்டியைப் போடுங்கள். மண்டையில் நார்மாலிட்டியை வைத்துக்கொள்ளுங்கள். பழைய தாளிலிருந்து எதையாவது தயாரிக்கிறீர்கள் என்றால் போத்தலில் இரண்டையும், கூடவே லிட்டருக்கு எத்தனை கிராம் என்பதையும் எழுதுங்கள். கிராமுக்கு மட்டும் இரண்டு அர்த்தம் கிடையாது.

ஆய்வுக்கூடத்துக்கு வெளியிலும் வாளிக் கணக்கு சாகவில்லை. மருத்துவத் துறைக்குப் போகிறவர்கள் 'மில்லி ஈக்குவலண்ட்' என்ற சொல்லைக் கேட்பார்கள். அது சமான எடையின் ஆயிரத்தில் ஒரு பங்கு. பொட்டாசியம் அயனிக்கு ஒரு மின்னூட்டம். லிட்டருக்கு 4 மில்லி மோல் என்றால் 4 மில்லி ஈக்குவலண்ட். கால்சியத்துக்கு இரண்டு மின்னூட்டம், 2.5 மில்லி மோல் என்பது 5 மில்லி ஈக்குவலண்ட். ஒரு நாட்டு நூலில் ஓர் அலகு, இன்னொரு நாட்டு நூலில் வேறோர் அலகு. எண்ணை மட்டும் பார்த்து அலகைப் பார்க்காமல் விட்டால், கால்சியத்திலும் மெக்னீசியத்திலும் சரியாக இரண்டு மடங்கு பிழை வரும். ரப்பர்பாலில் அந்தப் பிழைக்கு ஒரு தொட்டி அம்மோனியாதான் விலை. இங்கே நோயாளி இருக்கிறார்.

மருத்துவமனையில் சொட்டுச் சொட்டாக ஏற்றும் 'நார்மல் சலைன்' இந்த நார்மல் அல்ல. அதில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு. உப்பின் மோல் எடை 58.5. வகுத்தால் 0.154 நார்மல். உண்மையான 1 நார்மல் உப்புக் கரைசல் அதைவிட ஆறு மடங்குக்கு மேல் கரிக்கும். பெயரை நம்பி யாரும் மோசம் போகக்கூடாது.

ஈப்போக்காரர்கள் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கிந்தா பள்ளத்தாக்கைச் சுற்றி நிற்கும் குன்றுகளில் பல சுண்ணக்கல். கோப்பெங் குவா தெம்புரோங்கில் கூரையிலிருந்து தொங்கும் தூண்களை, மழைநீரில் கரைந்த கரியமில வாயு ஊட்டிய மெல்லிய அமிலம்தான் சொட்டுச் சொட்டாகக் கட்டியது. சுண்ணக்கல்லின் மோல் எடை 100, மின்னூட்டம் இரண்டு, சமான எடை 50. ஆகவே 1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு லிட்டர், 50 கிராம் சுண்ணக்கல்லைக் கரைத்துவிடும். குன்றடி ஊற்றுநீரைக் காய்ச்சிய கெத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவதும் அதே கல்தான். தண்ணீரின் கடினத்தன்மையைச் சோதிப்பவர்கள் கால்சியம், மெக்னீசியம் இரண்டையும் சேர்த்து, 'இத்தனை மில்லி கிராம் சுண்ணக்கல்லுக்குச் சமம்' என்றே இன்றும் எழுதுகிறார்கள். நார்மாலிட்டியைக் கைவிட்ட உலகம் அந்தச் 'சமம்' என்ற சொல்லைக் கைவிடவில்லை.

வீட்டிலேயே ஒரு வாளிக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தோட்டத்து அமிலமோ பேட்டரி அமிலமோ வேண்டவே வேண்டாம். சமையலறைச் சாமான் போதும். சங்குப்பூ பத்துப் பன்னிரண்டைச் சுடுநீரில் ஊற வையுங்கள். நாசி கெராபுவுக்குப் போடும் அதே பூதான். நீல நிறத் தண்ணீர் கிடைக்கும். அதுதான் உங்கள் நிறங்காட்டி. சமையல் சோடாவை 4.2 கிராம் நிறுத்து, தண்ணீர் சேர்த்து 100 மில்லி லிட்டராக்குங்கள். சமையல் சோடாவின் மோல் எடை 84, வாளி ஒன்று. ஆக இது 0.5 நார்மல். மருந்துக்கடையில் வாங்கிய ஊசியில்லாத சிரிஞ்சுதான் உங்கள் பியூரெட்.

வினிகர் 5 மில்லி லிட்டரை வெள்ளைக் கிண்ணத்தில் விட்டு, சங்குப்பூத் தண்ணீர் சேருங்கள், ஊதாவாகும். சோடாக் கரைசலைச் சிறிது சிறிதாக விட்டு, ஒவ்வொரு தடவையும் நுரை அடங்கும் வரை கலக்குங்கள். நிறம் நீலத்துக்குத் திரும்பி, புதிதாக விடும் சொட்டுக்கு நுரை எழாமல் போனால் நிறுத்தி, சிரிஞ்சைப் பாருங்கள். நூற்றுக்கு 5 பங்கு என்று எழுதியிருக்கும் வினிகரில் லிட்டருக்கு சுமார் 50 கிராம் அசிட்டிக் அமிலம். 60ஆல் வகுத்தால் 0.83 நார்மல். அப்படியானால் சோடாக் கரைசல் 8.3 மில்லி லிட்டர் செலவாக வேண்டும் என்கிறது கணக்கு. கரிவாயு கொஞ்சம் தகராறு செய்யும். நிறமும் பட்டென்று மாறாது. எனவே மூன்று தடவை செய்து சராசரி எடுங்கள். ஆர்வமுள்ளவர்கள் அடுத்து எலுமிச்சைச் சாற்றை எடுத்துக்கொள்ளலாம். அதிலுள்ள சிட்ரிக் அமிலம் மூன்று வாளிக்காரர்.

உங்கள் வீட்டு வினிகருக்கு எத்தனை மில்லி லிட்டர் ஆனது என்று எழுதி அனுப்புங்கள். போத்தல் லேபிளில் போட்டிருக்கும் சதவீதத்தையும் மறக்காமல் சேர்த்து எழுதுங்கள்.